மூக்கை நம்பித்தான் இருக்கிறோம்

1937 மார்ச் 18, பிற்பகல் மூன்றே கால் மணி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடம். பள்ளி விட இன்னும் கால் மணி நேரம்கூட இல்லை. எண்ணெய்க் கிணறுகளால் பணம் புழங்கிய பகுதி அது. கிணறுகளிலிருந்து வீணாகப் போகும் எரிவாயுவைக் குழாயில் இழுத்துவந்து கட்டடத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழாயில் எங்கோ கசிவு. தரைக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் வாயு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. இயற்கை எரிவாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தொழிற்பயிற்சி அறையில் ஒரு மின் இயந்திரத்தைப் போட்டபோது எழுந்த பொறி போதுமானதாக இருந்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் குழந்தைகள்.

இதற்குப் பிறகு டெக்சாஸ் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. எரிவாயுவில் கெட்ட வாடை அடிக்கும் ஒரு பொருளைக் கலந்துதான் விநியோகிக்க வேண்டும். மற்ற இடங்களும் அதே வழிக்கு வந்தன. இன்று சமையல் எரிவாயு கசிந்தால் குப்பென்று அடிக்கும் நெடி அந்த வாயுவுடையது இல்லை. வேண்டுமென்றே கலந்த மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தினுடையது. நூறு கோடிப் பங்கு காற்றில் ஓரிரு பங்கு இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளில் கசிவுக்குக் காவலாகக் கருவி எதுவும் நிற்கவில்லை, மூக்குதான் நிற்கிறது.

இவ்வளவு பெரிய பொறுப்பை ஒப்படைத்திருக்கும் புலனைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம்? 2011ல் மெக்கான் என்ற விளம்பர நிறுவனம் பல நாட்டு இளைஞர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. தங்கள் தொழில்நுட்பக் கருவி ஒன்றை வைத்துக்கொள்வதற்காக மோப்பத்தையே விட்டுக்கொடுக்கத் தயார் என்று 16 முதல் 22 வயதுக்குட்பட்டவர்களில் 53 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூக்கு என்ன வேலை செய்கிறது என்று நாம் அவர்களுக்குச் சொல்லியே தரவில்லை. பள்ளிப் பாடத்தில் கண்ணுக்குப் படம் இருக்கிறது, காதுக்குப் படம் இருக்கிறது. மூக்குக்கு இரண்டு வரிதான்.

இந்த அலட்சியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பால் புரோக்கா என்ற புகழ்பெற்ற மருத்துவர் இருந்தார். மூளையில் பேச்சுக்கான பகுதியை அடையாளம் கண்டவர். அவர் பாலூட்டிகளை மோப்பத்தை நம்பி வாழ்பவை, நம்பாதவை என்று இரண்டாகப் பிரித்தார். மனிதனை இரண்டாவது கூட்டத்தில் வைத்தார். அதற்காக அவர் யாருடைய மூக்கையும் சோதித்துப் பார்க்கவில்லை. மனித மூளையின் முன்பகுதி பெரிதாக இருக்கிறது, மணச் செய்தி வந்து சேரும் மோப்பக் குமிழ் என்ற பகுதி அதோடு ஒப்பிட்டால் சிறியதாக இருக்கிறது, ஆகவே மனிதன் மூக்குக்கு அடிமையாக இல்லாமல் சுயமாக முடிவெடுப்பவன் என்பது அவர் வாதம். மனிதனை உயர்த்திப் பிடிக்க மூக்கைத் தாழ்த்த வேண்டியிருந்தது. அடுத்த நூறாண்டுப் பாடநூல்கள் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை மறந்துவிட்டன.

2017ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்கான் ‘சயின்ஸ்’ இதழில் இதை விரிவாக அலசினார். (மேலே சொன்ன நிறுவனத்துக்கும் இவருக்கும் தமிழில் பெயர் ஒன்றாகத் தெரிகிறதே தவிர, தொடர்பு எதுவும் இல்லை.) மனிதனின் மோப்பக் குமிழ் மூளையோடு ஒப்பிடும்போதுதான் சின்னது. தனியாக எடுத்துப் பார்த்தால் எலியுடையதைவிடப் பெரியது. அதிலுள்ள நரம்புச் செல்களின் எண்ணிக்கையோ மற்ற பாலூட்டிகளோடு பெரிதும் ஒத்துப்போகிறது. மனித மோப்பம் மோசம் என்பது நிரூபணமான உண்மை இல்லை, கைமாறி வந்த ஒரு நம்பிக்கை.

நாய் நம்மைவிட மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லாப் பொருளுக்கும் அப்படி இல்லை. சில மூலக்கூறுகளை மனித மூக்கு நாயையோ எலியையோ விடக் குறைந்த அளவிலேயே பிடித்துவிடுகிறது. மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கியப் பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. நீரில் ஒரு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நமக்குத் தெரிந்துவிடும். ஈரமண்ணைக் கண்டுபிடிக்கும் திறன் எந்தக் காலத்திலோ நம் முன்னோருக்கு உயிர்காக்கும் திறனாக இருந்திருக்க வேண்டும் என்று பலர் ஊகிக்கிறார்கள். எனக்கும் அது நம்பத்தகுந்ததாகவே படுகிறது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனை 2007ல் வெளிவந்தது. புல்வெளியில் 10 மீட்டர் நீளத்துக்குச் சாக்லேட் வாசனையில் நனைத்த கயிற்றைப் போட்டார்கள். 32 பேரின் கண்ணைக் கட்டி, காதை அடைத்து, கைக்குக் கனமான உறை மாட்டி, மண்டியிட்டு மோப்பம் பிடித்துப் போகச் சொன்னார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் கடைசிவரை போய்விட்டார்கள். நாய் போலவே வாசனைத் தடத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து போனார்கள். சிலருக்குச் சில நாள் பயிற்சி கொடுத்ததும் வேகம் கூடியது. ஒரு மூக்குத் துளையை அடைத்தபோது தடுமாற்றம் வந்தது. அதாவது, இரண்டு காதுகளால் ஒலியின் திசையை அறிவதுபோல இரண்டு துளைகளும் சேர்ந்து திசை பார்க்கின்றன. நம் திறமை போய்விடவில்லை. நிமிர்ந்து நின்றபோது மூக்கு தரையைவிட்டு ஐந்தடி மேலே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, மூக்குக்குள் என்ன நடக்கிறது?

கண்ணுக்கு ஒளி வருகிறது. காதுக்கு அதிர்வு வருகிறது. மூக்குக்கு மட்டும் அந்தப் பொருளே வருகிறது. ஒரு பூ மணக்கிறது என்றால் அந்தப் பூவிலிருந்து கிளம்பிய மூலக்கூறுகள் உண்மையிலேயே நமக்குள் நுழைந்திருக்கின்றன. மூக்கின் உள்ளே மேல்கோடியில், கண்களுக்கு நடுவே சற்றுப் பின்னால், அஞ்சல் தலை அளவுள்ள ஒரு சளிப்படலம் இருக்கிறது. அதில் பல லட்சம் நரம்புச் செல்கள். ஒவ்வொன்றும் மெல்லிய இழைகளை அந்த ஈரத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. மூளைக்கு நேராகச் செய்தி அனுப்பும் நரம்புச் செல்கள் இப்படி வெளிக்காற்றில் நனைந்துகொண்டிருப்பது உடலில் வேறெங்கும் இல்லை. தூசி, புகை, கிருமி எல்லாம் முதலில் இவற்றின் மேல்தான் விழும். அதனால் இவை நெடுநாள் வாழ்வதில்லை. ஓரிரு மாதங்களில் பழையவை மடிய, அடியிலிருக்கும் மூலச்செல்களிலிருந்து புதியவை முளைக்கின்றன. முளைத்த ஒவ்வொன்றும் தன் நரம்பு இழையைச் சல்லடை போன்ற ஓர் எலும்பின் துளை வழியாக மேலே அனுப்பி, மூளையில் சரியான இடத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் வாழ்நாள் முழுக்க இது நடந்துகொண்டிருக்கிறது. இதைப் படிக்கும்போதும் நடக்கிறது.

அந்தச் செல்கள் மூலக்கூறுகளை அடையாளம் காண்பது எப்படி என்பது நெடுநாள் புதிர். 1991ல் லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் இருவரும் எலிகளில் ஒரு மிகப் பெரிய மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு மரபணுவும், செல்லின் மேல் இருந்து மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஒரு வகை மண ஏற்பியை உருவாக்குகிறது. 2004ல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மனிதனிடம் வேலை செய்யும் மண ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை. நிறங்களையெல்லாம் கண் மூன்றே வகைக் கூம்புச் செல்களை வைத்துப் பார்த்துவிடுகிறது. மணத்துக்கு 400 தேவைப்பட்டிருக்கிறது. நம் மரபணுக்களில் ஐம்பதில் ஒன்று இந்த ஒரு வேலைக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றால், மோப்பம் ஏதோ விட்டகுறை தொட்டகுறையாக மிஞ்சிய புலன் என்று எப்படிச் சொல்வது?

400 ஏற்பி என்றால் 400 மணம் என்று அர்த்தமில்லை. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தொடும், ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு அசையும். எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து அசைந்தன என்ற கூட்டணியைத்தான் மூளை மணமாகப் படிக்கிறது. அளவு மாறினால் கூட்டணியும் மாறும். மல்லிகையில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. மலத்திலும் அதே இண்டோல்தான் இருக்கிறது. அடர்த்தியாக இருந்தால் மூக்கைப் பொத்துவோம். மிகக் கொஞ்சமாக, வேறு மணங்களோடு கலந்து வந்தால் சொக்கிப்போவோம். மல்லிகையின் அந்தக் கிறக்கத்துக்கு இண்டோலும் ஒரு காரணம். இன்னொரு விந்தை, கார்வோன் என்ற பொருள். வலது கையும் இடது கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் அதற்கு உண்டு. அணுக்கள் அதே அணுக்கள், எண்ணிக்கையும் அதே. ஒன்று புதினா போல மணக்கிறது, மற்றது சீரகத்துக்கு உறவான கேரவே விதை போல.

ஏற்பிகள் ஆளுக்கு ஆள் மாறுவது பலருக்குத் தெரியாது. வியர்வையில் இருக்கும் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற பொருள் சிலருக்குச் சிறுநீர் வாடை அடிக்கிறது, சிலருக்கு இனிமையாக மணக்கிறது, சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. ஒரே ஓர் ஏற்பியின் மரபணு வேறுபாடு இதில் பெரும்பங்கு வகிக்கிறது என்று 2007ல் கண்டறிந்தார்கள். ஆகவே ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேர் ஒரே மணத்தைத்தான் உணர்கிறார்கள் என்று நினைத்துவிட முடியாது. ‘எனக்கு ஒண்ணும் அடிக்கலையே’ என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம்.

மனிதன் மொத்தம் எத்தனை மணங்களைப் பிரித்தறிவான்? 10,000 என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 1920களில் மணங்களை வகைப்படுத்த முயன்ற இரண்டு வேதியியலாளர்கள் போட்ட ஒரு தோராயக் கணக்கு அது. 2014ல் ஓர் ஆய்வு ஒரு லட்சம் கோடிக்கும் மேல் என்றது. அந்தக் கணக்குப் போட்ட முறையே தவறு என்று அடுத்த ஆண்டே மறுப்புகள் வந்தன. எண்ணை நம்பிப் பேசுவதைவிட, மிக நிறைய என்று சொல்லிவிட்டு நகர்வதே நேர்மை.

இதைவிட முக்கியம், செய்தி மூளைக்குள் போகும் பாதை. பார்ப்பதும் கேட்பதும் தொடுவதும் தலாமஸ் என்ற நடு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்துதான் மூளையின் மேற்புறணிக்குப் போகின்றன. மணம் அங்கே இறங்குவதில்லை. மோப்பக் குமிழிலிருந்து நேராக மூளையின் மணப் பகுதிக்கும், பயமும் பாசமும் பதியும் அமிக்டலாவுக்கும் போகிறது. நினைவைக் காக்கும் ஹிப்போகேம்பஸ் அடுத்த வாசலில் இருக்கிறது. அதனால்தான் ஒரு மணம் வந்ததும் முதலில் வயிற்றைப் பிசைகிறது, அல்லது கண் கலங்குகிறது. அது என்ன மணம், எங்கே முகர்ந்தது என்பது அப்புறம்தான் பிடிபடுகிறது. சில சமயம் பிடிபடாமலே போய்விடுகிறது.

மணம் கிளப்பும் நினைவுகள் எந்த வயதைச் சேர்ந்தவை என்று ஸ்வீடனில் முதியவர்களிடம் ஆராய்ந்தார்கள். சொற்களைக் காட்டி நினைவைக் கேட்டபோது பதின்வயதும் இளமையும் வந்தன. மணத்தை நீட்டியபோது பத்து வயதுக்கு முந்தைய நாள்கள் வந்தன. ஏன் அப்படி? ஒரு மணம் முதன்முதலில் எந்தச் சூழலோடு கட்டிப்போடப்படுகிறதோ, அந்த முடிச்சை அடுத்து வருபவை எளிதில் அவிழ்ப்பதில்லை. பெரும்பாலான மணங்களை நாம் முதலில் சந்திப்பது சிறுவயதில்தான்.

சாப்பாட்டில் மூக்கு செய்யும் வேலையை நாம் முழுக்க நாக்கின் கணக்கில் எழுதிவிட்டோம். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்கிற இறைச்சிச்சாறு போன்ற சுவை, இவ்வளவே. காரம் என்பது எரிச்சலின் உணர்வு, சுவை இல்லை. மற்றபடி ஒரு பழத்தை இன்னொரு பழத்திலிருந்து பிரித்துக்காட்டுவதெல்லாம் மணம். மெல்லும்போதும் விழுங்கும்போதும் வாயிலிருந்து காற்று தொண்டையின் பின்வழியாக மூக்குக்குள் ஏறுகிறது. இது முகர்வதற்கு நேர் எதிர்த்திசை. வாய்க்குள் நடப்பதால் மூளை அதை வாயின் அனுபவமாகவே காட்டுகிறது. மூக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பழச்சுவை மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். வெறும் இனிப்பும் புளிப்பும் இருக்கும். விரலை எடுத்த நொடியில் பழம் வந்துவிடும். சளி பிடித்தவர்கள் ‘வாய்க்கு ருசியே தெரியவில்லை’ என்பார்கள். நாக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மூக்கின் இன்னொரு குணம், பழகிப்போவது. மாறாமல் வந்துகொண்டிருக்கும் மணத்தைச் சில நிமிடங்களில் அது ஒதுக்கிவிடும். நம் வீட்டு வாசனை நமக்குத் தெரியாததும், ஊருக்குப் போய்த் திரும்பிவந்து கதவைத் திறக்கும் கணத்தில் மட்டும் தெரிவதும் இதனால்தான். புதியதைக் கவனிப்பதற்காகப் பழையதை அணைத்துவைக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் ஓரிடத்தில் இது ஆளைக் கொல்லும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சாக்கடைக் குழிகளிலும் கழிவுத் தொட்டிகளிலும் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறி, பத்து லட்சத்தில் 100 பங்கு வாக்கில் வந்ததும் மோப்ப நரம்பே மரத்துவிடும். நாற்றம் நின்றுபோகும். உள்ளே இருப்பவர் வாயு போய்விட்டது என்று நினைப்பார். அந்த இடத்தில் மூக்கை நம்பவே கூடாது, கருவிதான் வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கோ முதலிலிருந்தே மணம் கிடையாது. மூக்கின் எல்லையைத் தெரிந்துவைத்திருப்பதும் அதை மதிப்பதில் சேர்த்திதான்.

நல்ல மணம், கெட்ட மணம் என்ற தீர்ப்பு எங்கிருந்து வருகிறது? கைக்குழந்தை தன் மலத்தை வைத்து விளையாடும், முகம் சுளிக்காது. அருவருப்பில் பெரும்பகுதி வளர வளரக் கற்றுக்கொண்டது. 2005ல் வந்த ஓர் ஆய்வில் ஒரே மணத்தைக் கொடுத்து, சிலமுறை ‘பாலாடைக்கட்டி’ என்றும் சிலமுறை ‘உடம்பு வாடை’ என்றும் பெயர் காட்டினார்கள். பாலாடைக்கட்டி என்று காட்டியபோது இனிமையாக இருக்கிறது என்றார்கள். உடம்பு வாடை என்று காட்டியபோது பிடிக்கவில்லை என்றார்கள். மூளையின் செயல்பாடும் அதற்கேற்ப மாறியது. ஒரு சாராரின் மேல் ‘வாடை அடிக்கிறது’ என்று முத்திரை குத்தி ஒதுக்குவது எல்லாச் சமூகங்களிலும் நடந்திருக்கிறது. அங்கே மூக்கு பேசுவதில்லை, காதில் விழுந்த பெயர்தான் பேசுகிறது.

பெயர் என்றதும் மொழிக்கு வர வேண்டும். மணத்தைச் சொல்ல வார்த்தையே போதாது என்று மேலைநாட்டு அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். ஆங்கிலம் பேசுபவரிடம் ஒரு மணத்தைக் கொடுத்தால் ‘எலுமிச்சை மாதிரி’, ‘எரிந்த ரப்பர் மாதிரி’ என்று பொருளைச் சொல்லித்தான் விளக்குவார். மலாய் தீபகற்பத்தின் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களிடம் ஆசிஃபா மஜீத், நிக்லாஸ் புரென்ஹுல்ட் இருவரும் செய்த ஆய்வு 2014ல் வெளிவந்தது. ஜஹாய் மொழியில் மணத்துக்கென்றே ஒரு டஜன் சொற்கள் இருக்கின்றன. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் மூன்றுக்கும் பொதுவான குணத்தைக் குறிக்க ஒரே சொல் உண்டு. மணங்களுக்குப் பெயர் சொல்லச் சொன்னபோது, நிறங்களுக்குச் சொல்வதுபோலவே சட்டென்று, ஒருவருக்கொருவர் ஒத்துப்போகச் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது தமிழைத்தான் நினைத்தேன். ‘கவிச்சி’ என்கிறோம். மீன், பச்சை முட்டை, ரத்தம், கழுவாத பாத்திரம் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கும் ஒன்றை அந்தச் சொல் பிடித்துவிடுகிறது. ‘நெடி’ மூக்கில் ஏறிக் குத்துவது. ‘வீச்சம்’ தங்கி நாறுவது. ‘கமழ்தல்’ மெல்லப் பரவுவது. ‘முடை’, ‘புலால்’ இரண்டும் ஏட்டோடு நின்றுபோயின. ‘நாற்றம்’ என்பது பழந்தமிழில் நறுமணத்துக்கும் வழங்கிய சொல். இன்று கெட்டதற்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து ‘ஸ்மெல்’ என்ற ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு அடைப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. சொல் இருந்தால்தான் மூக்கு கவனிக்கும்.

மனிதர்களுக்கு நடுவே மணம் செய்யும் வேலையில் உறுதியாகத் தெரிவது தாயும் குழந்தையும்தான். பிறந்த சிசுவுக்கு அம்மாவின் இரண்டு மார்பில் ஒன்றை மட்டும் கழுவிக் காட்டினார்கள். 30 குழந்தைகளில் 22 கழுவாத பக்கத்தை நாடின. கருப்பை நீரின் மணத்துக்கும் மார்பின் மணத்துக்கும் ஒற்றுமை இருப்பது இதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். கண் தெளிவாகத் தெரியாத அந்த நாள்களில் வழிகாட்டுவது மூக்கு. தாய்மார்களும் பிறந்து சில நாளே ஆன தம் குழந்தையின் துணியை மணத்தாலேயே அடையாளம் காண்கிறார்கள். பெரியவர்களுக்கும் ஒருவர் மணம் இன்னொருவர் மனநிலையில் ஏதோ செய்கிறது என்பதற்குச் சான்றுகள் வருகின்றன. ஆனால் எறும்புக்கும் பட்டுப்பூச்சிக்கும் இருப்பதுபோல ஐயத்துக்கு இடமில்லாத ஒரு ஃபெரோமோனை, அதாவது தன் இனத்தாரின் நடத்தையை மாற்றும் மணச் செய்தியை, மனிதனிடம் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ‘ஃபெரோமோன் கலந்தது, எதிர்பாலினத்தை ஈர்க்கும்’ என்று விற்கும் வாசனைத் திரவியங்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

நோயும் மணக்கும். நீரிழிவு முற்றி உடலில் அமிலம் ஏறினால் மூச்சில் பழம் அழுகியது போன்ற, நகப்பூச்சு அழிப்பானை நினைவூட்டும் வாடை வரும். இரத்தப் பரிசோதனை வருவதற்கு முன்பு மருத்துவர்கள் இப்படித்தான் மோப்பம் பிடித்தார்கள். நம் காலத்தில் ஸ்காட்லாந்தில் ஜாய் மில்ன் என்ற செவிலியர் தன் கணவரின் உடல் வாசனை மாறிவிட்டதைக் கவனித்தார். பல ஆண்டுகள் கழித்து கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரியவந்தது. அதே நோய் உள்ளவர்கள் கூடிய ஓரிடத்துக்குப் போனபோது எல்லோரிடமும் அதே வாசனை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அவரைச் சோதித்தார்கள். நோயாளிகள் ஆறு பேர், நோயில்லாதவர்கள் ஆறு பேர், அவர்கள் அணிந்த 12 சட்டைகள். நோயாளிகள் ஆறு பேரையும் சரியாகச் சொன்னார். நோயில்லாத ஒருவரின் சட்டையிலும் அந்த வாசனை இருக்கிறது என்றார். ஒரு பிழை என்று குறித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் அந்த மனிதருக்கும் பார்க்கின்சன் உறுதியானது. அதன்பின் தோலின் எண்ணெய்ப் பசையில் எந்தெந்த மூலக்கூறுகள் மாறுகின்றன என்று தேடும் ஆய்வே தொடங்கியது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பார்க்கின்சன், அல்சைமர் இரண்டிலும் கை நடுங்குவதற்கும் நினைவு தப்புவதற்கும் முன்பே மோப்பம் மங்கத் தொடங்கிவிடுவது உண்டு. 57 முதல் 85 வயது வரையான 3,005 அமெரிக்கர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2014ல் வெளிவந்தது. மணமே தெரியாதவர்களில் 39 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்திருந்தார்கள். மோப்பம் நன்றாக இருந்தவர்களில் அது 10 சதவீதம். மூக்கு போனதால் இறந்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. உள்ளே புதுப்பித்தல் வேலை நின்றுபோவதை முதலில் காட்டிக்கொடுப்பது அடிக்கடி புதுப்பிக்க வேண்டிய இந்த நரம்பாக இருக்கலாம். சளி, சைனஸ், தலையில் பட்ட அடி, வயது என்று சாதாரணக் காரணங்களாலும் மோப்பம் குறையும், அதனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வயதானவர்களுக்குக் கண்ணைச் சோதிக்கிறோம், காதைச் சோதிக்கிறோம். மூக்கைச் சோதிக்கும் வழக்கம் மட்டும் எங்கும் வேர்விடவில்லை. அதற்கு வேண்டியது சில குப்பிகளும் பத்து நிமிடமும்தான்.

2020ல் கொரோனா வந்து கோடிக்கணக்கானவர்களின் மோப்பத்தை ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டு போனது. வைரஸ் மோப்ப நரம்புச் செல்களுக்குள் நேரடியாக நுழைவதைவிட, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களைத்தான் அதிகம் தாக்குகிறது என்று பின்னர் தெரிந்தது. தாங்கும் செல்கள் விழுந்தால் நரம்புச் செல்களும் வேலைநிறுத்தம் செய்யும். பலருக்குச் சில வாரங்களில் திரும்பிவிட்டது. திரும்பாதவர்கள் சொன்னவற்றைக் கேட்டால்தான் இந்தப் புலன் எதையெல்லாம் சுமந்துகொண்டிருந்தது என்று புரியும். பால் கெட்டுவிட்டதா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். தன் மேல் வியர்வை வாடை அடிக்கிறதோ என்ற பயத்தில் நாளுக்கு மூன்று முறை குளிக்க வேண்டும். அடுப்பில் கருகுவது தெரியாது. எல்லாவற்றையும்விட, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று உலகத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றார்கள். குழந்தையைத் தூக்கி உச்சி மோந்தால் ஒன்றுமே வருவதில்லை. இவர்களில் பலர் மனச்சோர்வுக்கு ஆளானதில் வியப்பில்லை. ‘மூக்குதானே, பெரிய விஷயமா’ என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னது அதை இன்னும் கூட்டியது.

இவர்களுக்கு இன்று கொடுக்கப்படும் சிகிச்சை மிக எளிமையானது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் என்ற மருத்துவரின் குழு 2009ல் வெளியிட்ட முறை. நான்கு மணங்கள்: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றையும் சில நொடிகள் முகர வேண்டும். முகரும்போது அந்த மணம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். குறைந்தது 12 வாரம். எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆனால் செய்யாதவர்களைவிடச் செய்தவர்கள் கூடுதலாகத் தேறுகிறார்கள்.

நடுவில் ஒரு கட்டம் பலரைக் கலங்கடித்துவிடும். ஒன்றுமே தெரியாமல் இருந்த மூக்கில் திடீரென்று எல்லாம் தப்பாக மணக்கும். ரோஜா கருகிய ரப்பராகும். காப்பி சாக்கடையாகும். பற்பசையைக்கூட வாயில் வைக்க முடியாது. புதிதாக முளைத்த நரம்பு இழைகள் சல்லடை எலும்பைத் தாண்டிப் போய், தங்களுக்குரிய இடம் எது என்று தெரியாமல் பக்கத்து இடத்தில் ஒட்டிக்கொள்வது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நோயாளிக்கு அது நரகம். ஆனால் குப்பியை மூடிவைத்துவிடாதீர்கள் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ரோஜா தப்பாக மணக்கிறது என்றால், நரம்பு மறுபடி மூளையைத் தொட்டுவிட்டது.